சூட்டுக்குக் கிடைத்த பேர்

அத்தியாயம் பதினொன்று

பெருமாயி பாயை விட்டு எழுந்து முதல் அடி வைத்தாள். வலிக்கவில்லை.

இதெல்லாம் ஒரு சேதியா என்று கேட்கிறவர்கள் இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலையில், குண்டூர் நாடு என்கிற மலையூர்க் கூட்டத்தில், சென்றாயன் பெண்சாதி பெருமாயி. ரோடு இல்லாத மலை. மிளகோ பலாப்பழமோ சாமையோ, விற்க வேண்டுமானால் தலையில் ஏற்றிக்கொண்டு வெறுங்காலோடு புளியஞ்சோலைக்கு இறங்க வேண்டும். உப்பும் துணியும் அதே தலையில் மேலே ஏற வேண்டும். கல்யாணமாகி வந்த நாளாக இறங்கி ஏறிய கால் போன வருஷம் ஒரேயடியாக முரண்டு பிடித்துவிட்டது. காலையில் குதிகாலைத் தரையில் வைத்தால் உயிர் போகும். நாலு தப்படி நடந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே கதை.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கால் ஆணி என்று ஒருத்தி தோலைச் சீவினாள். முள் ஒடிந்து உள்ளே நிற்கிறது என்று ஒருவன் ஊசியால் நோண்டினான். வாதம் என்று செங்கல்லைச் சுட்டு, மேலே எருக்கிலையைப் பரப்பி, அதை மிதிக்கச் சொன்னார்கள். அதில் மட்டும் கொஞ்சம் சுகம் இருந்தது. கடைசியில் அரிவாள் மூக்கைப் பழுக்கக் காய்ச்சிக் குதிகாலில் சூடு போட்டார்கள். போட்டவன் வேறு யாருமில்லை, கட்டின புருஷன்தான். ஒரு தடவை போட்டது போதாதென்று இரண்டாம் தடவையும் போட்டான்.

அந்தப் புண்ணோடு மிளகு மூட்டையைச் சுமந்து இறங்கியவள் புளியஞ்சோலை ஓடைக்கரையில் விழுந்தாள். அடிவாரத்தில் சொந்தக் காடு வைத்து வெள்ளாமை செய்யும் வள்ளியாத்தாள் அவளை வண்டியில் தூக்கிப் போட்டுத் துறையூர் டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டர் குதிகாலின் உள்பக்கம் ஓரிடத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். பெருமாயி ஆஸ்பத்திரி அதிரக் கத்தினாள்.

"இது ஆணியும் இல்லேம்மா, முள்ளும் இல்லே. குதிகால்லேருந்து விரல் வரைக்கும் பாதத்துக்கடியிலே ஒரு பட்டை ஓடுது. சுமையோட பாறையிலே தங்குதங்குன்னு இறங்கினா, அது குதிகால்கிட்டே இழுபட்டு நைஞ்சு போயிடும். இதுக்குச் சூடு போட்ட மகராசன் யாரு? புண்ணுக்கு மேலே புண்ணு. சுமையை நிறுத்து. வெறுங்காலா நடக்கிறதை நிறுத்து. கெண்டைச் சதையைத் தினமும் இழுத்துவிடு. நாளாகும், ஆனா ஆறிடும்" என்றார்.

வெறுங்காலை நிறுத்துவதாம். அவருக்கென்ன, துறையூரில் இருந்துகொண்டு சொல்லிவிட்டார். குண்டூர் நாட்டில் எல்லைக் கல்லைத் தாண்டிச் செருப்பு மேலே வரக்கூடாது. கீழிருந்து வரும் வியாபாரி எவ்வளவு பெரிய ஆளானாலும் செருப்பைக் கழற்றிக் கல்லருகில் விட்டுவிட்டுத்தான் ஏறுவான். மலை முழுக்கப் பெருமாள் நடக்கிற மண் என்பது ஐதீகம்.

வள்ளியாத்தாள் கேட்கவில்லை. பழைய லாரி டயரை அறுத்து, மேலே துணியை மடித்துத் தைத்து, குதிகால் படும் இடத்தில் மட்டும் குழிவு விட்டு ஒரு ஜோடி செருப்பு செய்வித்துக் கொடுத்தாள். "தோலுதான கண்ணு உங்க சாமிக்கு ஆகாது? இதுல தோல் ஒரு பொட்டு கூட இல்ல" என்று அவளே ஒரு நியாயமும் கண்டுபிடித்துச் சொல்லி அனுப்பினாள். அந்தச் செருப்பை முறத்துக்கடியில் ஒளித்துக்கொண்டு பெருமாயி எல்லைக் கல்லைத் தாண்டினாளே, அங்கே நிறுத்தியிருந்தோம்.

அதற்குப் பிறகு ஆவணி முழுக்க மாட்டுக் கொட்டத்துக்குள்தான் அவளுடைய வைத்தியம் நடந்தது. சாணி வழிக்கும்போது செருப்பு. தவிடு கலக்கும்போது செருப்பு. கொட்டத்துத் தூணில் கையை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் கெண்டைச் சதையை இழுத்துவிடுவாள். மனிதச் சத்தம் கேட்டால் செருப்பு சோளத்தட்டுப் போருக்குள் போய்விடும். விழுந்து எழுந்தவள் என்பதால் சுமைக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை.

இன்று புரட்டாசிச் சனிக்கிழமை. புதுச் சாமைப் பானை எடுக்கும் நாள்.

இந்தப் பானைதான் அந்த வீட்டுக்கு எல்லாம். ஓடையில் நீர் மொண்டு, புதுச் சாமையைப் போட்டு, பாறைச் சரிவில் ஏறி, ஒரு சொட்டு சிந்தாமல் பெருமாள் கோயில் அடுப்பில் கொண்டுபோய் வைக்க வேண்டும். சென்றாயன் குடும்பத்து மூத்த மருமகளுக்குத்தான், அதாவது பெருமாயிக்குத்தான், அந்த உரிமை. போன வருஷம் பெருமாயி நொண்டினாள், பானை தளும்பிச் சிந்தியது, சாமையும் சரியாக விளையவில்லை. ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டது. இந்த வருஷமும் சிந்தினால் பானை கொழுந்தன் சின்னராசுவின் பெண்சாதி பொன்னாயி கைக்குப் போய்விடும். அதோடு ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் மகன் மாணிக்கத்துக்குத் பெருமாயி மகளைக் கொடுக்கும் பேச்சும் போய்விடும். பானைக்கார வீட்டுப் பெண் என்றுதானே அவர்கள் கேட்டே வந்தார்கள்!

பெருமாயி கொட்டத்துக்குள் போய்ச் செருப்பை இன்னும் ஆழமாகத் தட்டுக்குள் தள்ளினாள். திரும்பியபோது மகள் பாப்பாத்தி வாசலில் நின்றாள். பதினேழு வயது. தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, தும்பைப் பூப் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பதைத்தான் தாய் கவனித்தாள்.

"ஏன்டி தூணப் புடிச்சுக்கிட்டு நிக்கற?"

"சும்மாதானுங்கம்மா."

"நடந்து வா பாக்கலாம்."

பாப்பாத்தி நடந்தாள். முதல் இரண்டு அடியில் குதிகால் தரையில் படவே இல்லை, விரல்களால் நடந்தாள். அந்த நடை யாருடையது என்று பெருமாயிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மகளை உட்காரவைத்துக் குதிகாலின் உள்பக்கம் அழுத்தினாள். பாப்பாத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு காலை வெடுக்கென்று இழுத்தாள்.

"எத்தன நாளா?"

"சித்த நாளாத்தான். கல்லு குத்தியிருக்கும்."

கல்லா குத்தியது! ஆவணி முழுக்கத் தாயின் சுமையை யார் சுமந்தார்கள் என்று பெருமாயி கேட்டாளா? மிளகையும் பலாவையும் புளியஞ்சோலைக்கு யார் இறக்கினார்கள் என்று யோசித்தாளா? தன் கால் ஆறுகிறதே என்கிற சந்தோஷத்தில் பெற்ற மகள் காலைப் பார்க்காமல் இருந்துவிட்டாள். பெருமாயிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தட்டுக்குள் கையை விட்டுச் செருப்பை எடுத்து மகள் முன்னால் வைத்தாள்.

"நாளைலருந்து கொட்டத்துக்குள்ள இதப் போட்டுக்க. எனக்கு ஆறுனது இதுலதான். டாக்டரு சொன்னது. இனிச் சுமைய நானே பாத்துக்கறேன்."

பாப்பாத்தி எழுந்து இரண்டடி பின்னால் போனாள். முகம் வெளிறிவிட்டது.

"செருப்பா? நம்ம ஊட்டுக்குள்ளயா? பானை எடுக்கற கால்லயா போட்டீங்க?"

"தோல் இல்லடி. டயரு."

"மொதல்ல உள்ள வைங்கம்மா! மாணிக்கம் ஊட்டுல எல்லாரும் வாராங்க. இது வெளிய தெரிஞ்சா என்னை எவன் கட்டுவான்? என்ற காலப் பத்தி நீங்களும் பேசாதீங்க, இதப் பத்தி நானும் பேசல."

இப்படித்தான் தாயும் மகளும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்.

பானை எடுத்த கதையை நீட்ட வேண்டாம். நாடே ஓடைக்கரையில் நின்றது. பெருமாயி மஞ்சள் சேலையில், தலையில் பானையோடு பாறைச் சரிவில் ஏறினாள். பின்னாலேயே பொன்னாயி வந்தாள். அவள் பானையைப் பார்க்கவில்லை, ஓரகத்தியின் குதிகாலையே பார்த்துக்கொண்டு வந்தாள். குதிகால் ஒவ்வொரு அடியிலும் நன்றாகத் தரையில் பதிந்து எழுந்தது. பானை அடுப்பில் இறங்கியபோது ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்கவில்லை. பொன்னாயி முகம் சிறுத்துப் போனதைப் பார்த்த பெருமாயிக்கு உள்ளூரக் கொஞ்சம் இனித்தது. பொய் சொல்வானேன்!

"அடேயப்பா! போன வருஷம் நொண்டுன பொம்பளையா இது?" என்றார் ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன். "சென்றாயா, என்னப்பா பண்ணுன?"

சென்றாயன் மீசையைத் தடவிக்கொண்டான். பெருமாயி அவனையே பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம், பெருமாள் அருள் என்று சொல்லியிருக்கலாம்.

"ரெண்டு சூடு போட்டனுங்க. என்ற கையால" என்றான் அவன். "மொதச் சூடு அரைகொறையாப் போச்சு. ரெண்டாவது ஆழமா எறங்குச்சு. அதுலதான் நோவு ஓடிப்போச்சு."

அவ்வளவுதான். சென்றாயன் ஒரு நொடியில் வைத்தியனாகிவிட்டான். எனக்கு இடது கால் என்றான் ஒருவன். என் மாமனுக்கு ரெண்டு காலும் என்றாள் இன்னொருத்தி. மலையில் குதிகால் நோகாத ஆள் யார்? எல்லோரும் அதே பாறையில் அதே சுமையோடு இறங்குகிறவர்கள்தானே. சென்றாயன் சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் நாள் சொல்லிக்கொண்டிருந்தான். அவனை யாரும் இதுவரை இப்படிச் சூழ்ந்து நின்றதில்லை.

அப்போதுதான் பொன்னாயி வாயைத் திறந்தாள்.

"மாமா, ஊரானுக்கெல்லாம் அப்பறம் பாக்கலாமுங்க. உங்க புள்ள காலையிலருந்து விரல்லயே நடக்குதே, அதப் பாத்தீங்களா?"

எல்லார் கண்ணும் பாப்பாத்தி பக்கம் திரும்பியது. அவள் அவசரமாகக் குதிகாலை ஊன்றப் பார்த்து, முகத்தைச் சுளித்து, மாட்டிக்கொண்டாள்.

"அதனால என்ன?" என்றார் கவுண்டர் பெருந்தன்மையாக. "நாளைக்கு எங்க ஊட்டுல வெளக்கேத்தப் போற புள்ளை. வைத்தியன் ஊட்டுலயே இருக்கான், கோயில் அடுப்புல நெருப்பு இருக்குது, இன்னிக்கு நாளும் நல்ல நாள். போட்டு விட்ரு சென்றாயா. தையில கல்யாணத்துக்குள்ள ஆறிப்போயிரும்."

யாரோ ஓர் அரிவாளை அடுப்பில் சொருகினார்கள். பெருமாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் புருஷனின் கையைப் பிடித்து வேப்பமரத்துப் பக்கம் இழுத்தாள்.

"ஏனுங்க, வேண்டாமுங்க. எனக்குச் சூட்டுல ஆறல. உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். கொட்டத்துல..."

"செருப்பு" என்றான் சென்றாயன்.

யார் காதிலாவது விழுந்ததா என்று பெருமாயி கூட்டத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"தட்டு எடுக்கப் போனப்பவே பாத்துட்டேன். நீ தூணப் புடிச்சுக்கிட்டுக் கால நீட்டுனதையும் பாத்தேன். கால் ஆறுதுன்னு தெரிஞ்சுது, பேசாம இருந்துட்டேன். நானா உன்னக் காட்டிக் குடுத்தேன்?"

"தெரிஞ்சுக்கிட்டேவா சூடுன்னு சொன்னீங்க?"

"பின்ன, செருப்புன்னு சொல்லச் சொல்றியா? பானை போயிரும். கோயில் வாசல்ல கால் வெக்க உடமாட்டாங்க. இவ கல்யாணம் அதோட நின்னுரும்."

"அதுக்குப் புள்ள காலப் பொசுக்குவீங்களா? உங்களுக்கே தெரியுது, சூட்டுல ஒண்ணும் ஆகாதுன்னு!"

"லேசா வெக்கறேன் புள்ள. சித்த நேரம் கத்துவா. புண்ணு ஆறிப்போயிரும். அப்பறம் நீயே கொட்டத்துக்குள்ள வெச்சு அந்தச் செருப்பப் போட்டு உடு, நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன்."

என்ன கரிசனம் பாருங்கள். இதில் கொடுமை என்னவென்றால், அவன் அதைப் பிரியமாகத்தான் சொன்னான். மகள்மேல் உயிரையே வைத்திருக்கிறவன். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தான். பெருமாயியும் ஒரு கணம் தடுமாறினாள் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஒரே ஒரு சூடு. பானை இருக்கும், கல்யாணம் நடக்கும், பொன்னாயி வாய் அடங்கும். இரண்டு சூடு வாங்கியவள்தானே அவள், செத்தா போனாள்?

ஆனால் அந்த இரண்டாவது சூட்டின்போது தோல் பொரிந்த வாடை இன்னும் அவள் மூக்கை விட்டுப் போகவில்லை. கூட்டத்துக்குள் பார்த்தாள். பாப்பாத்தியை ஒரு கல்லில் உட்காரவைத்திருந்தார்கள். மாணிக்கத்தின் தாய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சென்றாயன் கையை உதறிவிட்டுப் போய் அரிவாளை எடுத்தான். அதன் மூக்கு சிவந்திருந்தது.

"நில்லுங்க!" என்றாள் பெருமாயி.

அவள் போட்ட சத்தத்தில் கோயில் மேளம் நின்றுவிட்டது.

"எனக்குச் சூட்டுல ஆறலைங்க. செருப்புல ஆறுச்சு. கொட்டத்துக்குள்ள செருப்புப் போட்டுக்கிட்டு நடந்தேன். சுமையத் தூக்காம இருந்தேன். அதுல ஆறுச்சு. இந்தப் புள்ளைக்கு நோவு வந்ததே என்ற சுமைய இவ சுமந்ததாலதானுங்க. சூடு போட்டா புண்ணுதான் வரும், நோவு போகாது. எங்க பானைய எடுத்துக்குங்க. புள்ள கால உட்ருங்க."

பொன்னாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "செருப்புக் காலோடயா பானையத் தொட்ட? ஐயோ பெருமாளே!"

கவுண்டர் முகம் இறுகியது. "சென்றாயா, உன்ற பொண்டாட்டி சொல்றது நெசமா?"

சென்றாயன் தரையைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

எப்படி இருக்கிறது கதை! கட்டினவன் கைகழுவிவிட்டான். கவுண்டர் விடவில்லை. பெண் கொடுக்கல் வாங்கல் சமாச்சாரம், அவருக்கும் தன்மானம் இருந்தது. பாப்பாத்தியிடம் குனிந்து தணிந்த குரலில் கேட்டார்.

"நீ சொல்லு சாமி. ஒரே ஊட்டுல இருக்கற புள்ளை. உங்கம்மா செருப்புப் போட்டு நீ கண்டியா?"

பாப்பாத்தி தாயைப் பார்த்தாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மாணிக்கத்தைப் பார்த்தாள். அவன் இவளைப் பார்க்காமல் கவுண்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க மாமா" என்றாள். குரல் நடுங்கவே இல்லை. "எனக்குச் சூடு போடறதப் பொறுக்க முடியாம அம்மா பொய் சொல்றாங்க. எங்க ஊட்டுல செருப்பே கெடையாது. நீங்க போடுங்கப்பா."

வலது காலை நீட்டினாள்.

கூட்டம் பெருமூச்சு விட்டது. "பெத்த வயிறு, அப்படித்தான் துடிக்கும்" என்று ஒருத்தி சிரித்தாள். இன்னும் பலர் சிரித்தார்கள். கவுண்டர் முகம்கூடத் தெளிந்துவிட்டது. ஒரு நல்ல பொய் கிடைத்ததும் அத்தனை பேருக்கும் எவ்வளவு ஆறுதல்!

"பாப்பாத்தி!" என்றாள் பெருமாயி. "ஏன்டி, காலையில உன்ற கண்ணு முன்னாடி வெச்சேனே..."

"பேசாம இருங்கம்மா."

சென்றாயன் அரிவாளோடு குனிந்தான். பெருமாயி பாய்ந்து மண்ணில் உட்கார்ந்து மகளின் குதிகாலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"கைய எடு" என்றான்.

"மாட்டேன். வெக்கறதுன்னா என்ற கை மேல வைங்க."

"எடு புள்ள. நாடே பாக்குது."

"பாக்கட்டும்."

அரிவாள் அவள் புறங்கைக்கு மேலே நின்றது. சூடு தோலில் உறைத்தது. அவன் கை இறங்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றானோ, அரிவாள் மூக்கின் சிவப்பு மெல்ல மங்கிக் கறுத்துப் போனது.

"ஆறிப்போச்சு பாரு" என்றார் கவுண்டர் அலுப்புடன். "மறுபடியும் காய்ச்சிக்கிட்டு வா."

சென்றாயன் மகளைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு அடுப்பை நோக்கி நடந்தான்.

பாப்பாத்தி குனிந்து, தன் காலைப் பிடித்திருந்த தாயின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.